வேட்டைக்கு எத்தனை லிட்டர் முதுகுப்பை?

கேள்வி: 3 செப்டம்பர், காலை 7.15

அண்ணே, உரிமம் கைக்கு வந்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் என் முதல் மான் வேட்டை. இரண்டு ராத்திரி காட்டிலேயே தங்கல், கூட என் மச்சான் வருகிறான். மலையேற்றத்துக்கு வாங்கிய 35 லிட்டர் பை ஒன்று இருக்கிறது. "அதுவே தாராளம்" என்கிறார் ஒருவர். "நூறுக்குக் கீழே போனால் திண்டாடுவாய்" என்கிறார் இன்னொருவர். ஒரு எண்ணைச் சொல்லுங்கள், வாங்கிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

3 செப்டம்பர், இரவு 9.40

65 லிட்டர்.

எண் கேட்டாய், கொடுத்துவிட்டேன் தம்பி. அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன பருவத்தில் இதே இரண்டு ராத்திரிப் பயணத்துக்கு நான் எடுத்துப்போனதை எல்லாம் அளந்து எழுதிவைத்திருக்கிறேன். ஸ்லீப்பிங் பேக் 14 லிட்டர். டெண்டில் என் பங்கு 5. கனமான ஜாக்கெட், மழைக்கோட்டு, மாற்று உடுப்பு சேர்த்து 12. சாப்பாடு 8. தண்ணீர் 3. அடுப்பும் பாத்திரமும் 4. கத்தி, கயிறு, துணிப்பைகள், முதலுதவி, ஹெட்லேம்ப், பேட்டரி எல்லாம் 5. கூட்டினால் 51. முழங்காலால் அழுத்தி ஜிப்பை மூடுகிற நிலைமை வராமலிருக்க இன்னும் பதினாலு லிட்டர் சேர்த்தேன்.

35 பத்தாது. 100 வேண்டாம். காலி இடம் கிடந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது எடுத்துத் திணித்துக்கொண்டே இருக்கும்.

4 செப்டம்பர், காலை 5.50

ராத்திரி எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் போட்டது காட்டுக்குள் போகிற கணக்கு. வேட்டையில் பை படுகிற பாடெல்லாம் திரும்பி வரும்போதுதான். மலையேறுகிறவனுக்குச் சாப்பாடும் எரிபொருளும் தீரத் தீரச் சுமை குறையும். வேட்டைக்காரனுக்குக் கடைசி நாளில்தான் ஏறும்.

70 கிலோ எடையுள்ள மான் ஒன்று என்று வை. குடல், தோல், தலை, எலும்பு எல்லாம் போக ஏறக்குறைய 25 கிலோ இறைச்சி தேறும். அது எவ்வளவு இடத்தை அடைக்கும்? இறைச்சி தண்ணீரைவிடச் சற்றுக் கனம். ஒரு லிட்டர் இடத்தில் ஒரு கிலோவுக்கு மேலேயே அடங்கும். ஆகவே 25 கிலோவுக்கு 25 லிட்டர்கூட வேண்டாம். உன்னுடைய அந்த 35 லிட்டர் பையிலேயே மான் முழுவதும் அடங்கிவிடும். தூக்கிக்கொண்டு நடக்கத்தான் முடியாது.

லிட்டர் என்பது இடத்துக்கான எண். பாரத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. நேற்று நீ இடத்தைக் கேட்டாய், நானும் இடத்தையே சொல்லிவிட்டுப் போய்விட்டேன். 65 என்பதை இப்போதைக்குப் பென்சிலால் எழுதிவைத்துக்கொள்.

4 செப்டம்பர், பகல் 1.20

"அடங்குமென்றால் தூக்குவதற்கு என்ன, உடம்பில் பலம் இருந்தால் போதாதா?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் முதல் மான். மாலை நாலரை மணி. நான் தனி ஆள். கையில் இருந்தது 35 லிட்டர் பை, ஃபிரேம் (பையை விறைப்பாக நிறுத்தும் சட்டம்) கிடையாது, முதுகுப் பக்கம் விரல் தடிமனில் ஒரு பஞ்சுத்தகடு மட்டும். இடுப்பில் கட்ட ஒரு நாடா உண்டு. அது பை ஆடாமலிருக்கப் பிடிக்கும், எடையை வாங்காது. 20 கிலோ இறைச்சியை உள்ளே வைத்து, மீதியைத் துணிப்பையில் கட்டி நிழலான கிளையில் தொங்கவிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தேன். வண்டி நின்ற இடம் 6 கிலோமீட்டர்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இறைச்சி மெல்ல மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. பை பேரிக்காய் மாதிரி கீழே பெருத்துப் பின்பக்கம் இழுத்தது. விழாமலிருக்க முன்னால் குனிந்தேன். குனியக் குனிய வார்கள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கி அழுத்தின. மூன்றாவது கிலோமீட்டரில் இடது கை விரல்களில் எறும்பு ஊர்ந்தது. ஐந்தாவதில் கை இருப்பதே தெரியவில்லை. மறுநாள் காலை சட்டைப் பொத்தானை இடக்கையால் போட முடியவில்லை. கழுத்திலிருந்து கைக்கு ஓடும் நரம்புக் கற்றை தோள்வாரில் நசுங்கினால் இப்படி ஆகும். பாரப்பை சுமக்கிற சிப்பாய்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் வருகிற கோளாறு என்று மருத்துவர் சொன்னார். எனக்கு முழுவதும் சரியாக மூன்று வாரம் ஆயிற்று.

என் தோளில் அன்று பலத்துக்குக் குறைவில்லை. எடையெல்லாம் தோளிலேயே நின்றதுதான் பிரச்சினை. விறைப்பான ஃபிரேமும் நல்ல இடுப்புப் பட்டையும் இருந்தால் சுமையில் பெரும்பங்கு இடுப்பெலும்புக்கு இறங்கி, அங்கிருந்து காலுக்குப் போய்விடும். தோள்வாரின் வேலை பையை முதுகோடு அணைத்துப் பிடிப்பது மட்டும்தான்.

5 செப்டம்பர், இரவு 8.30

லிட்டரைப் பார்க்கும் முன்னால் முதுகை அள. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

பையின் அளவு இரண்டு வகை. எவ்வளவு பொருள் பிடிக்கும் என்பது ஒன்று. உன் முதுகு நீளத்துக்குப் பொருந்துமா என்பது இன்னொன்று. இதைச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று போட்டிருப்பார்கள். அது லிட்டரைச் சொல்வதாக நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

அளப்பது இப்படி. தலையைக் குனி. கழுத்து முடிகிற இடத்தில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும், தடவினால் கையில் அகப்படும். அது தொடக்கம். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்று, கட்டைவிரல்கள் பின்பக்கம் பார்க்கட்டும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் விரல் உட்காரும். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்க்கிற கோடு முதுகுத்தண்டை வெட்டும் இடம் முடிவு. நடுவிலுள்ள தூரத்தைத் தையல் டேப்பை முதுகு வளைவோடு ஒட்டவைத்து அளக்க வேண்டும். தனியாளாக அளந்தால் தப்பாகத்தான் வரும், மச்சானைக் கூப்பிடு.

உயரத்தை வைத்து முடிவு செய்யாதே. என் உயரம் 178 செ.மீ. கடையில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "உங்களுக்குப் பெரிய சைஸ்தான்" என்று கொடுத்தார்கள், நானும் வாங்கினேன். என் முதுகு நீளம் 44 செ.மீ.தான், எனக்குக் கால்தான் நீளம். அந்தப் பையின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பைத் தாண்டிப் புட்டத்தில் போய் உட்கார்ந்தது. ஒவ்வோர் அடிக்கும் தொடை மேலே வந்து அதைத் தூக்கிவிடும். ஒரு பருவம் முழுக்க அந்தப் பையைத் திட்டித் தீர்த்தேன். பை நல்ல பைதான், என் முதுகுக்கு உரியது இல்லை.

6 செப்டம்பர், காலை 7.00

கன அங்குலத்தில் போட்டிருக்கும் பைகளைப் பற்றிக் கேட்டவருக்கு: ஒரு லிட்டர் சுமார் 61 கன அங்குலம். 4,000 என்றால் 65 லிட்டர், 6,000 என்றால் 98.

அந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன பிளாஸ்டிக் உருண்டைகளைப் பையில் நிரப்பி, அந்த உருண்டைகளைக் கொட்டி அளந்து கொள்ளளவு கண்டுபிடிக்கிற முறை ஒன்று உண்டு, ஏ.எஸ்.டி.எம். எஃப் 2153 என்று அதற்குப் பெயர். அதைப் பின்பற்றாதவர்களும் இருக்கிறார்கள். மூடிப்பை, பக்கப்பை, வெளியே திறந்திருக்கும் வலைப்பை வரைக்கும் கூட்டி ஒருவர் 70 என்பார். பிரதான அறையை மட்டும் அளந்து இன்னொருவர் 60 என்பார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 60 பெரிதாக இருக்கும்.

8 செப்டம்பர், இரவு 10.10

தம்பி, என் பட்டியலை வைத்துப் பை வாங்காதே. என் ஸ்லீப்பிங் பேக் 14 லிட்டர் என்றேன், அது சிந்தெடிக் பஞ்சு. அதே குளிருக்கு வாத்துத் தூவி நிரப்பியது என் நண்பனிடம் இருக்கிறது, அழுத்தினால் 8 லிட்டருக்குள் அடங்குகிறது. இந்த ஒரு சாமானிலேயே 6 லிட்டர் வித்தியாசம். தூவி நனைந்தால் சூடு பிடிக்காது, அதனால் நான் பழையதையே வைத்திருக்கிறேன்.

உன் சாமான்களை அளக்கும் வழி சொல்கிறேன். ஒரு பெரிய அட்டைப்பெட்டி எடு. கொண்டுபோகப் போவதை எல்லாம், தண்ணீர்ப் புட்டி உட்பட, பைக்குள் வைப்பது மாதிரியே அழுத்தி அடுக்கு. எந்த உயரம் வரை வந்ததோ அங்கே கோடு போடு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர். 40 நீளம், 30 அகலம், 45 உயரம் என்றால் 54 லிட்டர்.

பை வாங்குவது கடைசி வேலை. முதலில் பை வாங்கியவர்கள் அதற்கேற்ற சாமானைத் தேடி அலைகிறார்கள்.

9 செப்டம்பர், காலை 6.20

பெட்டிக் கணக்கில் ஒரு திருத்தம். பெட்டிக்கு மூலைகள் உண்டு, பைக்கு மூலை கிடையாது, உருண்டையாகத்தான் நிறையும். நேற்று ராத்திரியே என் பையில் போட்டுப் பார்த்தேன். பெட்டியில் 54 வந்தது பையில் 60 அளவுக்கு இடம் பிடித்தது. பெட்டிக் கணக்கோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள். தரைவிரிப்பை வெளியே கட்டுவதாக இருந்தால் அதைப் பெட்டியில் வைக்காதே.

11 செப்டம்பர், இரவு 9.00

இரண்டு பேர் ஒரே கேள்வி: "ஏறும்போது 50, இறங்கும்போது 75 என்றால் இரண்டு பையா?"

வேண்டாம். வேட்டைப் பைகளில் பையும் ஃபிரேமும் தனித்தனியாகப் பிரியும் வகை இருக்கிறது. நாலு பக்கிளைத் தளர்த்தினால் பை பின்னால் நகர்ந்து, ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவே ஓர் இடைவெளி திறக்கும். அடியில் ஒரு மடிப்புத் தட்டு இருக்கும். இறைச்சி மூட்டையை அதில் நிறுத்தி, வார்களை இழுத்து இறுக்கினால் அது முதுகோடு ஒட்டி நிற்கும், பை அதற்கு வெளியே இருக்கும். ரத்தம் உன் ஸ்லீப்பிங் பேக்கில் படாது. அதைவிடப் பெரிய லாபம், கனமான பொருள் முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 20 கிலோ முதுகோடு ஒட்டி இருப்பதற்கும் ஒரு சாண் தள்ளி இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தடவை சுமந்து பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மூட்டையை எந்த உயரத்தில் வைப்பது என்பதையும் பார்க்க வேண்டும். அடியில் விட்டால் என் முதல் மான் கதைதான். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், முதுகின் மேல்பாதியில் நிற்க வேண்டும். தட்டில் முதலில் மெத்தென்ற துணி எதையாவது சுருட்டிப் போட்டு, அதன்மேல் மூட்டையை வைத்தால் வேண்டிய உயரம் கிடைக்கும். செங்குத்தான சரிவிலும் பாறையிலும் மட்டும் சற்றுக் கீழே இறக்கிக்கொள், உயரத்தில் கனம் இருந்தால் தடுமாறினபோது ஆளையே சாய்த்துவிடும்.

ஆகவே பென்சிலால் எழுதச் சொன்ன 65-ஐ அழித்துவிடு. பெட்டியில் வருகிற அளவுக்கு ஒரு பை, 25 கிலோவைத் தாங்குகிற ஃபிரேம், நடுவில் தட்டு. பத்தில் ஒரு பங்கு சேர்த்த பிறகும் உன் சாமான் 48-க்குள் வந்தால் 50 லிட்டரே போதும். பக்கவார்களை இழுத்தால் சுருங்கித் தட்டையாகிற பையாக இருந்தால் பகலில் கூடாரத்தில் சாமானை விட்டுவிட்டு அதையே சின்னப் பையாகக் கொண்டுபோகலாம்.

ஃபிரேமுக்கு எடை உண்டு, மறைக்கவில்லை. உன் 35 லிட்டர் பை ஒரு கிலோவுக்குள் இருக்கும். நான் சொல்கிற வகை 2.5 முதல் 3.5 கிலோ வரும்.

12 செப்டம்பர், காலை 7.30

இறங்கும் சுமையை எத்தனை நடையாகப் பிரிப்பது என்று மச்சானோடு இப்போதே பேசிவைத்துக்கொள். நீண்ட நடைக்கு உடல் எடையில் கால்பங்குக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 17, 18 கிலோ. ஆளுக்குப் பாதி மான் என்றால் 12, 13 கிலோ இறைச்சி. அதோடு கூடாரச் சாமானையும் ஒரே நடையில் அள்ள நினைத்தால் 25-ஐத் தாண்டிவிடும். இரண்டு நடை போடுங்கள். முதல் நடை இறைச்சிக்கு. கூடாரம் கெட்டுப்போகாது.

14 செப்டம்பர், இரவு 11.15

பை அளவைப் பேசும் இடத்தில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இடத்தை மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

துணிப்பைகள் இடத்தை அடைக்கின்றன என்று ஒரு தடவை விட்டுவிட்டு, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் பைகள் நாலு எடுத்துப்போனேன். உரித்த சூடு அடங்குவதற்குள் தொடைகளை அதில் போட்டு முடிச்சிட்டு, முடிச்சிட்டதைப் பைக்குள் திணித்தேன். பை முழுக்க நிறைந்திருந்தது, காற்றுக்கு வழியில்லை. நாலு மணி நேரம் நடை. வீட்டில் பிரித்தபோது பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முழுக்க வியர்த்து நீர் நின்றது. கனமான பின்தொடையைக் கத்தியால் எலும்பு வரை கீறினேன். மேலே நல்ல சிவப்பு. எலும்பை ஒட்டி விரலகலத்துக்குச் சாம்பல் நிறம், புளித்த வாடை. எட்டு கிலோவுக்கு மேல் குழி தோண்டிப் புதைத்தேன்.

ஒரு உயிரை எடுத்துவிட்டு அதை வீணாக்கினேன். இன்றுவரை மனது ஆறவில்லை. உரித்த இறைச்சி முதலில் காற்றாட ஆறவேண்டும், காற்றுப் போய்வருகிற துணியில்தான் கட்டவேண்டும். நாலு துணிப்பைகளுக்கு 2 லிட்டர் இடம் வேண்டும் என்றால் வேறெதையாவது விட்டுவிட்டுப் போ.

15 செப்டம்பர், பகல் 12.40

சின்னதாக இரண்டு. பல நாடுகளில் வேட்டைப் பருவத்தில் ஆரஞ்சு உடுப்பு கட்டாயம். பெரிய பையை மாட்டினால் முதுகுப் பக்க ஆரஞ்சு அப்படியே மறைந்துபோகும். பின்னாலிருந்து பார்க்கிறவனுக்குக் காட்டு நிறத்தில் ஏதோ அசைவதுதான் தெரியும். பைக்கு மேல் ஆரஞ்சு உறை போடு. மான் கொம்பை வெளியே கட்டிக்கொண்டு வந்தால் கொம்பிலும் ஆரஞ்சுத் துணி சுற்று.

துப்பாக்கியைப் பையில் கட்டும் முன் குண்டை எடுத்துவிடு. அறையைத் திறந்து கண்ணால் பார், விரலாலும் தொட்டுப் பார்.

19 செப்டம்பர், இரவு 9.50

"இவ்வளவு தொழில்நுட்பம் எதற்கு, அந்தக் காலத்தில் வேட்டைக்காரர்கள் ஃபிரேமா வைத்திருந்தார்கள்?" என்று ஒருவர். வைத்திருந்தார்கள் ஐயா.

1991-ல் ஆஸ்திரிய, இத்தாலிய எல்லையில் 3,210 மீட்டர் உயரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள், சுமார் 5,300 ஆண்டு பழையது. பக்கத்தில் முடிக்காத வில் ஒன்று, 14 அம்புகளோடு ஒரு தூணி. அவற்றில் இரண்டு அம்புகள்தான் எய்வதற்குத் தயாராக இருந்தன. வயிற்றில் காட்டாட்டு இறைச்சியும் செம்மான் இறைச்சியும். கூடவே கிடந்தன ஒரு நீண்ட ஹேசல் கம்பும் லார்ச் மரச்சட்டங்களும். கம்பு குதிரை லாடம் மாதிரி வளைத்தது. முதுகுப்பையின் ஃபிரேம் என்பதுதான் பரவலான கருத்து. வளைவைப் படத்தில் பார்த்தபோது என் பையின் அலுமினியக் கம்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

இன்னொன்று, 1908. நார்வேக்காரர் ஓலே பெர்கன் வேட்டைக்குப் போனார். பை முதுகை அறுத்தது, நிலையாக உட்காரவில்லை. ஜூனிப்பர் கிளை ஒன்றை முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பையில் கட்டிப் பார்த்தார். அங்கிருந்து வந்ததுதான் அவருடைய ஃபிரேம் வைத்த பை. பிரிட்டிஷ் ராணுவத்தில் இன்றும் முதுகுப்பையை பெர்கன் என்றுதான் சொல்கிறார்கள். அவருடைய சிரமம் பை எப்படி உட்கார்கிறது என்பதில்தான் இருந்தது. எனக்கும் மூன்று பை மாற்றின பிறகுதான் அது விளங்கிற்று.

20 செப்டம்பர், காலை 6.45

சத்தம். கடையில் யாரும் சோதிக்காத விஷயம். பையை மாட்டிக்கொண்டு நகத்தால் பக்கத்தை வருடு. சர்ரென்று கேட்டால், முள்செடி உரசும்போதும் அதே சத்தம்தான், மானுக்கு அது கேட்கும். நூல் கனத்தை டெனியர் என்று சொல்வார்கள், 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். 500 டெனியர் நைலான் வேட்டைக்குப் போதுமான உறுதி. அதற்கு மேல் ஆயிரம் என்று போனால் கனமும் சரசரப்பும் கூடும். உள்ளே நீர்ப்பூச்சு தடித்திருந்தாலும் சரசரக்கும். மேற்பரப்பு மெத்தென்று இருப்பதைத் தேடு. தொங்கும் வார்நுனிகளை எல்லாம் சுருட்டி ரப்பர் பட்டை போடு. காற்றில் அவை படபடக்கும்.

மழை உறையும் அப்படித்தான், காற்று உள்ளே போனால் பட்டம் மாதிரி அடித்துக்கொள்ளும். நான் உள்பக்கம் நீர்புகாப் பை ஒன்றைப் போட்டு அதற்குள் சாமானை வைக்கிறேன்.

24 செப்டம்பர், இரவு 8.00

குளிரில் ஒரு பகல் வேட்டைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டவருக்கு. ஒரு பகல் வேட்டைக்கு 20 லிட்டர் போதும் என்று பலர் சொல்கிறார்கள். மலையேறுகிறவன் நடந்துகொண்டே இருப்பான், உடம்பு சூடாக இருக்கும். வேட்டைக்காரன் ஒரு மணி நேரம் வியர்க்க நடந்துவிட்டு ஐந்து மணி நேரம் அசையாமல் உட்காருவான். கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் உள்ளே நனைந்து, உட்கார்ந்ததும் நடுங்க வைக்கும். ஆகவே மெல்லிய சட்டையில் நடந்து, இடத்தை அடைந்ததும் பனியனை மாற்றி ஜாக்கெட்டைப் போடவேண்டும். அதுவரை ஜாக்கெட் இருக்க வேண்டிய இடம் பை. அந்த ஒரு ஜாக்கெட்டே 8, 10 லிட்டர். குளிர்காலப் பகல் வேட்டைக்கு 30, 35 என்பது அதிகம் இல்லை. தம்பி, உன் பழைய பைக்கு வேலை வந்துவிட்டது.

இன்னொன்று, பையின் உச்சி உன் தலைக்கு மேலே நீட்டினால் மரக்கிளையில் மாட்டும். குப்புறப் படுத்து நகரும்போது தலையைத் தூக்கவிடாமல் பிடரியில் முட்டும். ஒரு தடவை எண்பது மீட்டர் தவழ்ந்து போய், எதிரே இருந்த கலைமானைக் கண்கொண்டு பார்க்க முடியாமல் பையை அவிழ்க்க வேண்டியதாயிற்று. பக்கிள் திறந்த 'டக்' சத்தத்துக்கு அது போய்விட்டது. நிரப்பிய பை உச்சந்தலைக்குக் கீழேயே நிற்கட்டும். சுடும்போது அதையே தரையில் கிடத்தித் துப்பாக்கிக்குத் தாங்கலாக வைக்கலாம், அதற்குக் கொஞ்சம் விறைப்பாக நிறைந்த பைதான் வசதி.

கேள்வி கேட்டவரிடமிருந்து: 2 அக்டோபர், மாலை 6.30

அண்ணே, பெட்டியில் 46 வந்தது. முதுகு நீளம் 47 செ.மீ., மச்சான் மூன்று தடவை அளந்தான். 52 லிட்டர், நடுவில் தட்டு வைத்த ஃபிரேம், நடுத்தர சைஸ். வாங்கியாயிற்று. நூறு லிட்டர் சொன்னவர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

2 அக்டோபர், இரவு 10.00

அவர்மேல் தப்பில்லை தம்பி. அவர் போவது பத்து நாள் வேட்டைக்கு, எல்க் மானுக்கு. ஒரு பெரிய ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பின்தொடையை எலும்போடு தூக்கினாலே ஒரு ஆளுக்கு ஒரு நடை. பத்து நாள் சாப்பாட்டுக்கே இடம் பிய்த்துக்கொள்ளும். அவருக்கு 100 சரி. அவருடைய பயணத்தை நான் கேட்காமல் முதல் நாள் 'வேண்டாம்' என்று வெட்டிப் பேசினேன், அது சரியில்லை. அவரிடம் சொல்லிவிடு.

இனி மூன்று வாரம் இருக்கிறது. தண்ணீர்க் கேன்களைத் துண்டில் சுற்றித் தட்டில் கட்டி நட. முதலில் 8 லிட்டர், பிறகு 12, பிறகு 16. ஒரு லிட்டர் ஒரு கிலோ, எடைபோட வேண்டாம். மேடு ஏறி முடித்ததும் பாதியைக் கொட்டிவிட்டு இறங்கு. முழங்கால் தேய்வது இறக்கத்தில்தான்.

வார்களை இறுக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு மாட்டு. முதலில் இடுப்புப் பட்டை, அதன் நடு இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் விழ வேண்டும். பிறகு தோள்வார். பிறகு தோளுக்கு மேலே ஃபிரேமின் உச்சிக்குப் போகிற சின்ன வார்கள், அவை பக்கவாட்டில் பார்த்தால் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். கடைசியில் நெஞ்சுப் பட்டை, மூச்சு விட இடம் கொடுத்து. அரை மணிக்கு ஒரு தடவை தோள்வாரை ஒரு விரல் தளர்த்து, பத்து நிமிடம் கழித்து இறுக்கு. ஒரே இடத்தில் அழுத்தம் நிற்காது.

கேள்வி கேட்டவரிடமிருந்து: 30 அக்டோபர், இரவு 7.10

இரண்டாம் நாள் மாலை 4.20-க்கு ஒரு மான் கிடைத்தது அண்ணே. துணிப்பையில் கட்டி ராத்திரி முழுக்க நிழலில் தொங்கவிட்டோம், நல்ல குளிர். காலையில் ஆளுக்கு 13 கிலோ, 5 கிலோமீட்டர். பிறகு திரும்பப் போய்க் கூடாரத்தைக் கொண்டுவந்தோம். விரல் மரக்கவில்லை. வலது இடுப்பெலும்பு மேல் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருக்கிறது. தட்டில் ரத்தக்கறை. பை காலியாகத் தொங்குகிறது, இவ்வளவு சின்னதா என்று இருக்கிறது.

30 அக்டோபர், இரவு 9.25

படித்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

வலது பக்கம் மட்டும் சிவந்தால் மூட்டை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அல்லது வலது தோள்வார் இடதைவிட நீளமாக இருக்கிறது. வார்களை முழுக்க இழுத்து இரண்டு நுனிகளையும் ஒன்றாகப் பிடித்துப் பார். பட்டைக்கு அடியில் கால்சட்டைப் பையில் சாவி, கத்தி ஏதாவது வைத்திருந்தாயா என்றும் யோசி.

கறையை இன்றைக்கே கழுவு, பச்சைத் தண்ணீரில். வெந்நீர் பட்டால் ரத்தம் துணியோடு உறைந்து பிடித்துக்கொள்ளும். தட்டைக் கழற்றித் தனியாக ஊறவை, பல்தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தையல் ஓரங்களைத் தேய். எல்லா ஜிப்பையும் திறந்து நிழலில் தலைகீழாகத் தொங்கவிடு. நாளை மறுநாள் மூக்கை வைத்து மோந்து பார். வாடை இருந்தால் இன்னொரு தடவை.